எந்தக் கதவைத் தட்டுவது? நாடுகளின் வழக்குக்கு உலக நீதிமன்றமா, நடுவர் மன்றமா, சமரசமா

இரண்டு நாடுகள் ஒரு தீவுக்காகவோ கடல் எல்லைக்காகவோ முட்டிக்கொள்ளும்போதெல்லாம் வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இதை ஏன் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவில்லை?" சர்வதேசச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கும் இதே குழப்பம் இருக்கிறது. தி ஹேக்கில் ஒரு நீதிமன்றம், ஹாம்பர்க்கில் ஒரு தீர்ப்பாயம், வழக்குக்கு வழக்கு புதிதாக அமையும் நடுவர் மன்றங்கள், திரைமறைவில் நடக்கும் சமரசப் பேச்சு என்று பல வழிகள் இருக்கும்போது ஒரு நாடு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பெயரும் பெருமையும் பார்த்து மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் நாடுகள் பல நேரம் தீர்ப்பை வாங்கிவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கின்றன. தீர்ப்பு வந்த மறுநாள் எதிர்த்தரப்பு என்ன செய்யும்? அந்த இடத்திலிருந்து பின்னோக்கி யோசித்து வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். சிறிய நாடுகளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவற்றின் கையில் சட்டத்தைத் தவிர வேறு ஆயுதம் பெரும்பாலும் இருப்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் சம்மதம். உள்நாட்டில் யார் மீதும் வழக்குத் தொடரலாம். சம்மன் போனால் வந்தே ஆக வேண்டும். நாடுகளுக்கிடையே அப்படி இல்லை. எதிர்த்தரப்பு ஏதோ ஒரு வகையில், முன்போ இப்போதோ ஒப்புக்கொண்டிருந்தால்தான் எந்த மன்றமும் வழக்கைத் தொட முடியும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழிகள் அடைபட்டுவிடும்.

அடுத்தது, கையில் என்ன வேண்டும் என்பது. வரைபடத்தில் ஒரு கோடா, நஷ்ட ஈடா, பிடிபட்ட கப்பலின் விடுதலையா, "நீ செய்தது சட்டவிரோதம்" என்ற அறிவிப்பா? ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான இடம் வேறு. பிறகு காலம், செலவு, தீர்ப்பளிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் நமக்குள்ள பங்கு, விசாரணை திறந்த அரங்கிலா மூடிய அறையிலா என்பவை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த முடிவு நிலைக்குமா என்ற கேள்வி.

## சர்வதேச நீதிமன்றம், தி ஹேக்

உலக நீதிமன்றம் என்றும் அழைக்கப்படும், ஐ.நா.வின் தலைமை நீதி அமைப்பான இது 1946 முதல் அமைதி மாளிகையில் இயங்குகிறது. 15 நீதிபதிகள். ஐ.நா. பொதுச்சபையும் பாதுகாப்புச் சபையும் தனித்தனியே வாக்களித்து ஒன்பது ஆண்டுகளுக்கு அவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. வழக்காடும் நாட்டைச் சேர்ந்தவர் அமர்வில் இல்லையென்றால், அந்த வழக்குக்கு மட்டும் ஒருவரை அந்த நாடு நியமித்துக்கொள்ளலாம். (தனிமனிதர்களைப் போர்க்குற்றத்துக்காக விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு. அதுவும் ஹேக்கில்தான் இருப்பதால் செய்திகளில்கூடக் குழப்பிவிடுகிறார்கள்.)

சம்மதம். இங்கே நுழைய முக்கியமாக மூன்று வழிகள். இரு நாடுகளும் சேர்ந்தே ஒப்பந்தம் போட்டு வழக்கைக் கொண்டுவரலாம். இருவரும் கையெழுத்திட்ட ஏதாவது ஓர் உடன்படிக்கையில் "தகராறு வந்தால் இந்த நீதிமன்றம்" என்ற பிரிவு இருக்கலாம். அல்லது இருவருமே நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாகப் பொதுவாக அறிவித்திருக்கலாம். 70-க்கும் சற்று அதிகமான நாடுகளே அப்படி அறிவித்திருக்கின்றன. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் பிரிட்டன் மட்டும்தான். அறிவிப்புகளிலும் விதிவிலக்குகள் நிறைய. 1999-இல் தன் விமானத்தை இந்தியா சுட்டு வீழ்த்தியது பற்றிப் பாகிஸ்தான் தொடுத்த வழக்கு, காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை இந்தியாவின் அறிவிப்பு விலக்கியிருந்ததால் 2000 ஜூனில் வாசலோடு திரும்பியது.

உடன்படிக்கை வழியாக நுழைவதில் ஒரு மறைவிலை இருக்கிறது. உடன்படிக்கையின் அளவுக்குத் தக்கபடி வழக்கை வெட்டித் தைக்க வேண்டியிருக்கும். 2022-இல் ரஷ்யப் படையெடுப்புக்கு எதிராக உக்ரைனுக்குக் கிடைத்தது இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை மட்டுமே. படையை நிறுத்தச் சொல்லும் இடைக்கால உத்தரவு மூன்று வாரத்துக்குள், மார்ச் 16 அன்று, 13-2 என்ற கணக்கில் வந்தது. போர் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் அதிகார வரம்பைப் பற்றித் தீர்ப்பளித்தபோது, உக்ரைன் இனப்படுகொலை செய்ததா இல்லையா என்ற கேள்வியை மட்டுமே நீதிமன்றம் தன் கையில் வைத்துக்கொண்டது. படையெடுப்பு சட்டப்படி சரியா என்ற பெரிய கேள்வி அந்த உடன்படிக்கைக்கு வெளியே போய்விட்டது.

காலமும் செலவும். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, ஐ.நா. வரவு-செலவுத் திட்டமே ஏற்கிறது. ஏழை நாடுகளுக்கு உதவ 1989 முதல் ஐ.நா. பொதுச்செயலாளரின் அறக்கட்டளை நிதியும் உண்டு. ஆனால் வழக்கறிஞர்கள், நில அளவையாளர்கள், ஆவணக் காப்பகங்களில் மாதக்கணக்கில் தோண்டும் ஆட்கள் எல்லாருக்கும் சொந்தச் செலவுதான். அந்தத் தோண்டலை லேசாக நினைக்கக் கூடாது. மலேசியாவும் சிங்கப்பூரும் 2003-இல் கூட்டாகக் கொண்டுவந்த பெட்ரா பிராங்கா தீவு வழக்கில் தராசைச் சாய்த்தவற்றுள் முதன்மையானது ஒரு பழைய கடிதம். அந்தத் தீவின் உரிமையை ஜோகூர் (இன்று மலேசியாவின் ஒரு மாநிலம்) கோரவில்லை என்று 1953 செப்டம்பரில் ஜோகூர் அரசின் தற்காலிகச் செயலர் எழுதிய பதில் அது. 2008-இல் தீவு சிங்கப்பூருக்குப் போனது. அருகிலிருந்த பாறைகள் மலேசியாவுக்கு. அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் அதிகாரி போட்ட கையெழுத்துக்கு இவ்வளவு கனம் உண்டு.

காலம் வழக்கைப் பொறுத்தது. அவசர உத்தரவு வேகமாக வரும்: பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா 2017 மே 8-இல் மனுச் செய்தது, 18-இல் தண்டனையை நிறுத்தி வைக்கும் உத்தரவு வந்துவிட்டது. முழுத் தீர்ப்புக்கு 2019 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவே வேகம்தான். கேமரூன் நைஜீரியா மீது 1994-இல் தொடுத்த பக்காசி தீபகற்ப வழக்கு 2002-இல் முடிந்தது. உகாண்டா மீது காங்கோ ஜனநாயகக் குடியரசு 1999-இல் வழக்குத் தொடுத்தது, 2005-இல் வென்றது, 32.5 கோடி டாலர் நஷ்ட ஈடு 2022-இல்தான் நிர்ணயமானது. கேட்டதோ 1,100 கோடி டாலருக்கு மேல்.

நிலைக்குமா? தீர்ப்பு இறுதியானது, மேல்முறையீடு இல்லை. மீறினால் பாதுகாப்புச் சபைக்குப் போகலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 94-வது பிரிவு. 1986-இல் அமெரிக்காவை வென்ற நிகராகுவா அப்படிப் போனது. அமெரிக்காவின் வீட்டோ அந்தத் தீர்மானத்தை வீழ்த்தியது. இதை மட்டும் பார்த்து, இந்த நீதிமன்றம் பல்லில்லாதது என்று சொல்வோர் லிபியா-சாட் வழக்கையும் பார்க்க வேண்டும். தங்கள் எல்லையிலுள்ள ஔசூ பட்டை என்ற நிலப்பகுதிக்காக ஆண்டுக்கணக்கில் சண்டை போட்ட நாடுகள் அவை. 1994 பிப்ரவரி 3 அன்று தீர்ப்பு முழுக்கச் சாட் பக்கம் வந்தது. மே முடிவதற்குள் ஐ.நா. பார்வையாளர்கள் முன்னிலையில் லிபியப் படைகள் வெளியேறிவிட்டன. இரண்டு வழக்குகளுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டில் சம்மதம்தான் கண்ணில் படுகிறது. லிபியாவும் சாடும் ஒப்புக்கொண்டே அங்கே வந்தன. அமெரிக்காவோ, நீதிமன்றத்துக்கு இதை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று சொல்லி நடுவழியில் எழுந்து போனது.

## கடல் சட்டத் தீர்ப்பாயம், ஹாம்பர்க்

1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையில் பிறந்தது. 21 நீதிபதிகள். உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்குக் கட்டணம் இல்லை. கடல் விவகாரம் தவிர வேறு எதற்கும் பயன்படாது என்பதால் இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆனால் கடலில் அவசரம் என்றால் இதற்கு இணை கிடையாது.

2012 அக்டோபரில் அர்ஜென்டினாவின் பயிற்சிப் போர்க்கப்பல் லிபர்டாட், கடன்காரர்கள் வாங்கிய நீதிமன்ற ஆணையால் கானாவின் தேமா துறைமுகத்தில் முடங்கியது. நவம்பர் 14 அன்று அர்ஜென்டினா இங்கே மனுப் போட்டது. டிசம்பர் 15 அன்று விடுவிக்கும் உத்தரவு. சில நாட்களில் கப்பல் புறப்பட்டுவிட்டது. மீன்பிடிக் கப்பலையும் மாலுமிகளையும் பிணையில் விடுவிக்கக் கோரும் வழக்குகளுக்கென்றே இங்கே தனி நடைமுறை உண்டு. சாய்கா என்ற எண்ணெய்க் கப்பலின் வழக்கு 1997-இல் மூன்றே வாரத்தில் முடிந்தது. பிடிபட்ட கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் வேறு எங்கும் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது.

## நடுவர் மன்றம்

இங்கே தீர்ப்பளிப்பவர்களை இரு தரப்புமே தேர்ந்தெடுக்கின்றன. வழக்கமாக மூவர் அல்லது ஐவர். 1899-இல் உருவான நிரந்தர நடுவர் நீதிமன்றம் இவற்றில் பலவற்றுக்கு அலுவலகமாக உதவுகிறது. பெயரில் நீதிமன்றம் இருந்தாலும் அதற்கென்று உட்கார்ந்து தீர்ப்பளிக்கும் நிரந்தர நீதிபதிகள் இல்லை.

சம்மதம். தனி ஒப்பந்தம் போட்டு அமைக்கலாம். கடல் சட்ட உடன்படிக்கையில் வேறொரு கதவும் இருக்கிறது: எந்த மன்றம் என்பதில் இரு நாடுகளும் ஒத்துப்போகாவிட்டால் வழக்கு தானாகவே நடுவர் மன்றத்துக்குப் போகும். சில வகைத் தகராறுகளை முன்கூட்டியே விலக்கி வைக்கவும் அதே உடன்படிக்கை இடம் தருகிறது.

மறைவிலைகள். நடுவர்களின் ஊதியம், அரங்கு, எழுத்தர் என எல்லாமே வழக்காடும் நாடுகளின் பொறுப்பு. எதிர்த்தரப்பு வராவிட்டால் இன்னும் மோசம். 2013-இல் பிலிப்பைன்ஸ் தென்சீனக் கடல் வழக்கைத் தொடுத்தபோது சீனா பங்கேற்க மறுத்தது. ஐந்து நடுவர்களில் நால்வரைக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் தலைவரே நியமிக்க வேண்டி வந்தது. சீனா கட்ட வேண்டிய பங்கையும் பிலிப்பைன்ஸே கட்டியது. 2016 ஜூலை 12 அன்று ஏறக்குறைய எல்லாக் கோரிக்கைகளிலும் பிலிப்பைன்ஸ் வென்றது. சீனா தீர்ப்பை இன்றுவரை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தப் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தென்சீனக் கடலின் பெரும்பகுதியைத் தனதென்று காட்டச் சீனா வரைபடத்தில் போட்ட ஒன்பது கோடுகளுக்குள் வரும் வளங்களுக்கு வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை இல்லை என்ற முடிவு, அந்தக் கடலின் மற்றக் கரை நாடுகளுக்கும் பேச்சுவார்த்தை மேசையில் பிடிமானம் தந்திருக்கிறது. கோடு வேண்டும், மீன் பிடிக்க வேண்டும் என்று போனவர்களுக்குத்தான் அது போதாது.

இரு தரப்பும் மனமொத்து வந்தால் இதைவிட நல்ல வழி அரிது. 1965-இல் கட்ச் ரண் பகுதியில் மோதிக்கொண்ட இந்தியாவும் பாகிஸ்தானும் மூவர் மன்றத்துக்கு ஒப்புக்கொண்டன. இந்தியா யூகோஸ்லாவியரையும் பாகிஸ்தான் ஈரானியரையும் நியமித்தன. தலைவராக ஒரு சுவீடன்காரரை ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்தார். ஒப்பந்தம் போட்ட சில மாதங்களில் இரு நாடுகளும் முழுப் போரிலேயே இறங்கிவிட்டன, மன்றம் கலையவில்லை. 1968 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு பாகிஸ்தான் கோரியதில் சுமார் பத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்தது. இந்தியாவில் எதிர்ப்பு கிளம்பியது. எந்தக் காரணத்துக்காகவும் முடிவைக் கேள்வி கேட்பதில்லை என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்ததால் அரசு நிறைவேற்றியது.

## சமரசமும் மத்தியஸ்தமும்

இங்கே கட்டுப்படுத்தும் தீர்ப்பு கிடையாது. அதனால்தான் சட்டம் படித்தவர்கள் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். அந்த வரிசை தவறு என்பதற்கு என்னிடம் இரண்டு சாட்சிகள் உண்டு.

முதலாவது, தென்னமெரிக்காவின் தெற்கு முனையிலுள்ள பீகிள் கால்வாய். மூன்று தீவுகள் சிலிக்கு என்று 1977-இல் நடுவர் தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்த ஐவருமே சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதிகள். 1978 ஜனவரியில் அர்ஜென்டினா அதைச் செல்லாது என்று அறிவித்தது. டிசம்பரில் இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன. அப்போது போப் இரண்டாம் ஜான் பால், கர்தினால் சமோரேவைத் தூதராக அனுப்பினார். 1984 நவம்பரில் கையெழுத்தான உடன்படிக்கையிலும் தீவுகள் சிலிக்குத்தான். கூடவே அவற்றைச் சுற்றியுள்ள கடலைப் பங்கிட்ட விதம் அர்ஜென்டினாவுக்கு ஏற்புடையதாக அமைந்தது. அங்கே நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாக ஆதரித்தார்கள். தீர்ப்பு கொடுக்க முடியாத ஒன்றை, அதாவது தோற்ற தரப்பும் தலைநிமிர்ந்து வீடு திரும்பும் வாய்ப்பை, பேச்சுவார்த்தை கொடுத்தது.

இரண்டாவது, திமோர் கடல். இந்த ஒரு தகராறு ஏறக்குறைய எல்லாக் கதவுகளையும் தட்டியிருக்கிறது. இந்தோனேசியாவின் பிடியில் திமோர் இருந்தபோது, அதன் கடலடி எண்ணெயைப் பங்கிட ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் 1989-இல் ஒப்பந்தம் போட்டன. திமோரை முன்பு ஆண்ட போர்ச்சுகல் ஆஸ்திரேலியா மீது உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. வழக்கில் இல்லாத இந்தோனேசியாவின் செயலைத் தீர்மானிக்காமல் இதை முடிவு செய்ய முடியாது என்று 1995-இல் 14-2 கணக்கில் நீதிமன்றம் கைவிரித்தது. திமோர் லெஸ்தே 2002 மே 20 அன்று விடுதலை பெற்றது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கடல் எல்லைத் தகராறுகளைக் கட்டாயத் தீர்ப்பு முறைகளிலிருந்து ஆஸ்திரேலியா விலக்கிக்கொண்டிருந்தது. பிறக்கப்போகும் நாட்டின் முகத்தில் கதவைச் சாத்தியது போன்ற அந்தச் செயலை இன்று படித்தாலும் கோபம் வருகிறது.

ஆனால் கடல் சட்ட உடன்படிக்கையில் ஒரு சிறு கதவு திறந்தே இருந்தது: கட்டாயச் சமரசம், அதாவது எதிர்த்தரப்பு ஒப்பாவிட்டாலும் தொடங்கக்கூடிய சமரசம். அதுவரை யாரும் பயன்படுத்தாதது. 2016-இல் திமோர் லெஸ்தே அதைத் தட்டியது. ஐவர் குழு மூடிய அறைகளில், சில நேரம் இரு தரப்பையும் தனித்தனியே சந்தித்துப் பேசியது. 2018 மார்ச் 6 அன்று நியூயார்க்கில் எல்லை உடன்படிக்கை கையெழுத்தானது. கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலின் அரசு வருவாயில் குழாய் திமோருக்கு வந்தால் 70 விழுக்காடு, ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 80 விழுக்காடு திமோருக்கு. இப்படி "இது நடந்தால் இவ்வளவு, அது நடந்தால் அவ்வளவு" என்று எழுத நீதிபதியின் பேனாவுக்கு உரிமை இல்லை. சமரசத்தின் உண்மையான பலம் இங்கேதான்.

பலவீனமும் கண்கூடு. எதிர்த்தரப்புக்கு நம்மிடம் எதுவும் தேவையில்லை என்றால் பேச்சு முடிவில்லாமல் இழுபடும். ஆஸ்திரேலியாவுக்குச் சட்டத்தை மதிக்கும் நாடு என்ற பெயரைக் காக்க வேண்டியிருந்தது, அதுவே நெம்புகோலானது.

## ஒரே விரிகுடா, இரண்டு மன்றங்கள்

மன்றம் மாறினால் முடிவு மாறுமா என்று கேட்பவர்கள் வங்காள விரிகுடாவைப் பார்க்கலாம். வங்கதேசம் 2009 அக்டோபரில் ஒரே நாளில் இந்தியா மீதும் மியான்மர் மீதும் நடுவர் வழக்குத் தொடுத்தது. மியான்மர் ஹாம்பர்க் தீர்ப்பாயத்துக்கு மாற ஒப்புக்கொண்டது. இந்திய வழக்கு நடுவர் மன்றத்திலேயே நீடித்தது. மியான்மர் வழக்கில் 2012 மார்ச்சிலும் இந்திய வழக்கில் 2014 ஜூலையிலும் தீர்ப்பு வந்தது. உள்வாங்கிய கரையால் வங்கதேசம் நெருக்கப்படுகிறது என்பதை இரண்டுமே ஏற்று, சமதூரக் கோட்டை அதற்குச் சாதகமாகத் திருப்பின. சட்டம் ஒன்றாக இருந்தால் முடிவின் சாயலும் ஒன்றாகவே இருக்கும். நடுவர் மன்றத்துக்குத் தலைமை வகித்த ருடிகர் வோல்ஃப்ரம் ஹாம்பர்க் அமர்விலும் இருந்தார் என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்தியாவுடனான வழக்கில் சர்ச்சைக்குரிய 25,602 சதுர கி.மீ.யில் 19,467 தனக்குக் கிடைத்ததாக வங்கதேசம் அறிவித்தது. இந்தியா தீர்ப்பை ஏற்றது. மாறுபட்டவை காலமும் செலவுமே. வழக்கமான எல்லைக் கேள்விக்கு, எதிர்த்தரப்பு சம்மதித்தால், ஹாம்பர்க்கே சிக்கனம்.

| | உலக நீதிமன்றம் | கடல் தீர்ப்பாயம் | நடுவர் மன்றம் | சமரசம் |
|---|---|---|---|---|
| எந்த விவகாரம் | எந்தச் சட்டத் தகராறும் | கடல் மட்டும் | ஒப்பந்தம் சொல்வது | எதுவும் |
| மன்றக் கட்டணம் | இல்லை | உறுப்பு நாடுகளுக்கு இல்லை | முழுவதும் தரப்புகளே | தரப்புகளே |
| தீர்ப்பளிப்பவர் தேர்வு | ஒரு தற்காலிக நீதிபதி மட்டும் | அதேபோல் | பெரும்பங்கு நம் கையில் | பெரும்பங்கு நம் கையில் |
| அவசர உத்தரவு | நாட்கள் முதல் வாரங்கள் | சில வாரங்கள் | மன்றம் அமையும் வரை தாமதம் | இல்லை |
| கட்டுப்படுத்துமா | ஆம் | ஆம் | ஆம் | ஒப்பந்தமானால் மட்டும் |
| விசாரணை | பெரும்பாலும் திறந்த அரங்கு | பெரும்பாலும் திறந்த அரங்கு | தரப்புகள் விரும்பியபடி | மூடிய அறை |

## எப்போது எது

நிலமோ தீவோ தகராறில் இருந்து, இரு அரசுகளுமே உள்நாட்டில் விட்டுக்கொடுக்க முடியாமல் தவித்தால் உலக நீதிமன்றம். "நாங்கள் கொடுக்கவில்லை, நீதிமன்றம் சொல்லிவிட்டது" என்று மக்களிடம் சொல்லும் வாய்ப்பை அதன் மதிப்பு தருகிறது. கப்பல், மாலுமி, மீன்பிடி என்றால் ஹாம்பர்க். தொழில்நுட்பம் மிகுந்த, வெளியே பேச முடியாத விவகாரம் என்றால் நடுவர் மன்றம். எண்ணெய், நீர் போன்று வருங்காலத்திலும் பங்கிட்டே வாழ வேண்டியவற்றுக்கு முதலில் சமரசத்தை முயல்வேன்.

சம்மதமே இல்லாத நாட்டுடன்? பொதுச்சபை வழியாக உலக நீதிமன்றத்தின் ஆலோசனைக் கருத்தைக் கேட்கலாம். சாகோஸ் தீவுகளுக்காக மொரீஷியஸ் அதைத்தான் செய்தது. 2019-இல் வந்த கருத்து பிரிட்டனைச் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை. ஆனாலும் அழுத்தம் கூடிக்கூடி, இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தரும் உடன்படிக்கையில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. பொதுச்சபையில் பெரும்பான்மையைத் திரட்டும் ராஜதந்திர பலம் இருந்தால்தான் இந்த வழி.

எந்த வழியானாலும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு: எதிர்த்தரப்பு தன் சம்மதத்தை எப்போது திரும்பப் பெற முடியும் என்று பார்ப்பது. 2012 நவம்பர் 19 அன்று நிகராகுவாவிடம் கடற்பரப்பை இழந்த கொலம்பியா, எட்டே நாளில், நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பொகோட்டா உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தது. விலகல் ஓராண்டு கழித்தே நடைமுறைக்கு வரும். கொலம்பியா தீர்ப்பை மீறுகிறது என்ற புதிய வழக்கை நிகராகுவா 2013 நவம்பர் 26 அன்று, கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பதிவு செய்தது. கொலம்பியாவின் ஆட்சேபத்தைத் தள்ளி, அந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 2016-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.